தண்ணி ஓணானுக்கு ஒரு வாசல்

வேடங்கரிசலில் இன்றைக்கு வீடு என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரத்தில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த பழைய டெலிபோன் பூத், அதில் குடியிருப்பது ஒரு பச்சை ஓணான். மற்றபடி ஓட்டு வீடு, காரை வீடு, மாடி வைத்த வீடு என்று அந்த ஊரில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தெரு. சொன்னால் சிரிப்பார்கள். செம்பகவல்லி அந்தக் கண்ணாடியில் கோலம் போட்டபோது அவளும் சிரித்துக்கொண்டுதான் போட்டாள்.

ஓணான் வந்தது கடல் வழியாக. செம்பகத்தின் வீட்டுக்காரன் பொன்னுராசு தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு மரக்கிடங்கில் கிரேன் ஓட்டுகிறான், வாரம் பூராவும் அங்கேயே கிடந்து சனிக்கிழமை பொழுதுசாய ஊருக்கு வருவான். கப்பலில் வந்து இறங்கிய பெருமரத் தடி ஒன்றைச் சங்கிலி போட்டுத் தூக்கும்போது அதன் பொந்துக்குள்ளிருந்து இது தொப்பென்று விழுந்திருக்கிறது, எலும்பும் தோலுமாய், ஆனால் என்ன பச்சை, மழை பெய்து முடிந்த மறுநாள் காலையில் நாற்றங்காலைப் பார்த்த மாதிரி ஒரு பச்சை. சாப்பாட்டுப் பையில் போட்டு மகளுக்கென்று கொண்டுவந்துவிட்டான். மகள் சஷ்டிகாவுக்கு நாலு வயது. பையைத் திறந்ததும் அது அவளைப் பார்த்துத் தலையை ஆட்டியது, அவளும் ஆட்டினாள், பேச்சு முடிந்தது, இனி அதைத் திருப்பி அனுப்ப முடியாது.

பொன்னுராசு போனில் படம் எடுத்துத் தேடியதில் அதன் பெயர் வாட்டர் டிராகன் என்று வந்தது. தெரு அதற்குத் தண்ணி ஓணான் என்று பெயர் வைத்தது.

"மேல ஏற உசரம் வேணுமாம், கீழ முங்கிக் குளிக்கத் தண்ணி வேணுமாம், எந்நேரமும் ஈரக்காத்து வேணுமாம், உச்சியில வெயில் மாதிரி சூடு வேணுமாம்," என்று போனைப் பார்த்து அவன் வாசித்தான்.

"மாசமா இருக்கப்ப நான் கேட்டது ஒரே ஒரு பலாப்பழம்," என்றாள் செம்பகம். "அது இன்னும் வந்துக்கிட்டிருக்கு."

ஆனால் செம்பகம் ஒரு வேலையைக் கையில் எடுத்தால் அரைகுறையாக விடுகிறவள் இல்லை. மீன்தொட்டி சின்னது, கோழிக்கூடு காற்றில் காய்ந்துவிடும் என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, பலசரக்குக் கடை தாவீது அண்ணனிடம் போய் நின்றாள். போன் பேச யாரும் வராமல் போன காலத்திலிருந்து அவர் கடை ஓரத்தில் அந்தக் கண்ணாடிப் பூத் சும்மா நின்றது.

"கொண்டு போ தாயி. அதுக்குள்ள இப்ப என் வெங்காயம்தான் பேசிக்கிட்டிருக்கு," என்றார் தாவீது.

பொன்னுராசு வந்திருந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து, முற்றத்தில் வேப்பமரத்தடியில், தெருவைப் பார்க்க நிறுத்தினார்கள். இடுக்கெல்லாம் பசை வைத்து அடைத்தார்கள். பாதித் தரைக்குத் தென்னைநார்த் தூளைக் கொட்டி நனைத்து மெத்தையாக்கி, மீதிப் பாதியில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியைப் பதித்து, தொட்டிக்கு மேலே சாய்ந்து நிற்கும்படி ஒரு வேப்பங்கிளையைச் செருகி நிறுத்தினார்கள், ஏனென்றால் அது பயந்தால் கிளையிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் விழுமாம். உச்சியில் குண்டு பல்பு, பல்பைத் தொட்டுச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க அதைச் சுற்றிக் கம்பிவலை. மூலையில் ஒரு வாழைக்கன்று. காலையும் மாலையும் பூவாளித் தூறலாய் அடிக்க, மருந்து படாத புதுக் கைத்தெளிப்பான். எல்லாம் ஆனபிறகு தொட்டியை நிரப்ப வேண்டும், தெருக்குழாயில் தண்ணீரும் வந்தது, பொன்னுராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வேடங்கரிசலில் ஆம்பிளை குடம் தொடுவதில்லை.

"கட்டு கட்டா மரம் தூக்குத ஆளுக்கு ஒரு குடம் கனக்கோ?" என்று வாசல் கதவிலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு மாரிக்கனி. செம்பகத்துக்கு மதினி முறை, வயதில் மூத்தவள், பிள்ளை குட்டி இல்லை, தெருவில் எது நடந்தாலும் அவள் வாய் அதற்கு முன்னால் போய் நிற்கும். "மனுசன் குடிக்க நாலு நாளைக்கு ஒருக்கா தண்ணி. ஓணானுக்கு நீச்சல் குளமா? குடுத்து வச்ச பிறவிதான்."

"நீங்களும் வந்து முங்குங்க மதினி," என்றாள் செம்பகம்.

மாரிக்கனி சிரித்தாள். கதவைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை. அவள் எப்போதுமே அந்தக் கதவு வரைக்கும்தான். குழம்புக் கிண்ணம் வாங்குவதும் கொடுப்பதும் அங்கேயே, ஊர்ச்சேதி பேசுவதும் அங்கேயே, அது அப்படியே பழகிப்போயிருந்தது.

உள்ளே விட்டதும் ஓணான் கிளையில் ஏறியது, தண்ணீரில் விழுந்தது, வாலால் நீந்தியது, எல்லாம் சரி. ஆனால் அதற்குக் கண்ணாடி என்றால் என்னவென்று தெரியவில்லை. எதிரே தெரிகிற வேப்பமரத்துக்குப் போகிறேன் என்று ஓடிவந்து மூக்கை இடிக்கும், பின்வாங்கும், மறுபடி வரும், காலையிலிருந்து பொழுது அடைகிறவரை அதே வேலையாக இடித்து இடித்து மூக்கு நுனி தோலுரிந்து ரத்தம் கசிந்தது. சஷ்டி அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். பேப்பர் ஒட்டினால் அடிக்கிற தூறலில் ஊறி விழுந்தது. இதுவரை இடம், இதற்கப்பால் இடமில்லை என்று ஒரு உயிருக்கு எப்படித்தான் சொல்வது?

செம்பகத்துக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வீடு எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று சொல்லத்தானே தினம் விடிந்ததும் குனிகிறோம் என்று நினைத்தாள். மாவுக்கோலம் ஈரத்துக்கு நிற்காது; மாட்டுக் கொம்புக்கு அடித்து மீந்த வெள்ளைப் பெயிண்ட் டப்பா ஒன்று இருந்தது. கண்ணாடிக் கதவில் மேலிருந்து கீழாகப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைத்து, கையெடுக்காமல் ஓடி, புறப்பட்ட இடத்திலேயே வந்து சேருகிற பெரிய சிக்குக்கோலமாக இழுத்தாள். தரையில் படுத்தே பழகிய கோலம் அன்றைக்குத்தான் எழுந்து நின்றது. வெளியே நின்றுதான் போட்டாள். எந்தப் பொம்பிளையும் அப்படித்தான் போடுவாள்.

ஓணான் இடிப்பதை நிறுத்தியது. கிளையில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கண்ணாலும் பார்த்து, பிறகு தலையைத் தாழ்த்தி உச்சந்தலையில் அந்தச் சாதி ஓணானுக்கு மிளகு அளவுக்கு இருக்கிற மூன்றாவது புள்ளிக் கண்ணாலும் கோலத்தைப் பார்த்தது. அப்புறம் முன்னங்கை ஒன்றை மெதுவாக உயர்த்தி, காற்றில் ஒரு வட்டம் போட்டு, கீழே வைத்தது.

"அம்மா, வாங்கன்னு சொல்லுது," என்றாள் சஷ்டி.

மறுநாள் விடியலில் செம்பகம் எழுந்தபோது தலைமுடியில் பனி. காரைக்கூரைக்குக் கீழே, சன்னலைச் சாத்திவிட்டுத்தான் படுத்திருந்தாள். தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான். ஆண்கள் பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்தவர்கள் மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள். அடுப்படியில் நின்றாலும் யாரோ கடந்துபோய்க்கொண்டே இருப்பதுபோல் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டார்கள் பெண்கள். தெருநாய்கள் கூச்சப்படாமல் அறைக்குள் வந்து படுத்தன, யாரும் விரட்டவில்லை, தெருவில் படுத்திருக்கிற நாயை யார் விரட்டுவார்கள்? சாமி படத்துக்கு முன்னால்கூடச் செருப்புக் காலோடு நின்று கும்பிட்டார்கள். ஆனால் பூத்துக்கு முன்னால் வந்தால் செருப்பைக் கழற்றினார்கள். ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, வெயில் என்றால் வேர்க்கும் என்பதைப்போல அது நடந்தது.

கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவர்கள் முதல் பத்திரிகையை மஞ்சள் தடவிக் கண்ணாடி ஓரத்தில் செருகி, "குடும்பத்தோட வந்துரணும்" என்று ஓணானிடம் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்குப் போகிற வழியில் கொடுத்தார்கள். கதவு எண் ஒட்ட வந்த பஞ்சாயத்துப் பையன் ஒவ்வொரு வாசலிலும் நின்று தலையைச் சொறிந்தான், கடைசியில் பூத்தில் ஒன்றை ஒட்டிவிட்டு, "இந்த ஊர்ல ஒரு வீடுதான் போல" என்று சைக்கிளைத் திருப்பினான். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

பொழுது சாயும்போதுதான் மனசு தாங்காது. வெளியே நிற்கிறவர்களுக்குப் பொழுது சாய்ந்தால் என்ன வருமோ அது எல்லோருக்கும் வந்தது. கண்ணாடிக்குள்ளே மஞ்சள் பல்பு எரியும், தண்ணீர் மினுங்கும், கரிசல் மண் கண்டிராத பச்சை ஈரமாய் மூச்சுவிடும், ஊர் ஒவ்வொருத்தராக வந்து முற்றத்தில் கூடி, உள்ளே பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்து, கடைசியில் மூக்கு கண்ணாடியில் பட நிற்பார்கள். ஓணான் கையைத் தூக்கி வட்டம் போடும். இவர்கள் இன்னும் கொஞ்சம் சாய்வார்கள். ஓணானின் மூக்குப் புண் ஆறி ஒரு வாரத்துக்குள் ஊரில் எல்லோருக்கும் மூக்கு நுனி தோலுரிந்துவிட்டது. வெக்கைப்புண் என்று மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டார்கள். எல்லோரையும்விட மாரிக்கனிக்குத்தான் பெரிய புண். அவள் முற்றத்துக்குள் வந்து நிற்கிறாள் என்பதையே செம்பகம் அப்போது கவனிக்கவில்லை, வீடாக இருந்தவரை உள்ளே கால் வைக்காதவள் தெருவானதும் தாராளமாக வந்து நின்றாள்.

முதலில் போனது கோழிகள். அடைகிற நேரம் வந்ததும் கூட்டைத் தாண்டி நடந்து, சாத்தாமல் கிடந்த பூத் கதவு வழியாக உள்ளே போய் வேப்பங்கிளையில் வரிசையாக ஏறின. கண்ணாடி வழியே பார்த்தால் அவை சிட்டுக்குருவி அளவுக்குத் தெரிந்தன. அவ்வளவு தூரத்தில் இருந்தன. காலையில் செம்பகம் முற்றத்தில் தானியம் வீசிக் கூப்பிட்டதும் ஓடிவந்துவிட்டன, சிறகெல்லாம் நனைந்து. அவளும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், மாவு பிசைந்த கையோடு அடுப்படியிலிருந்தே அவள் கூப்பிட்டாள்: "சஷ்டீ! விளையாண்டது போதும், வீட்டுக்கு வா!"

சஷ்டி சொல்பேச்சு கேட்கிற பிள்ளை. மண்ணை உதறி எழுந்து, வாளித் தண்ணீரில் கால் கழுவி, வீட்டுக்குப் போய்விட்டாள்.

செம்பகம் வெளியே வந்து பார்த்தபோது ஈரக்கால் தடம் கோலம் வரைக்கும் போய் நின்றது. உள்ளே பனிமூட்டம். வேப்பங்கிளை அக்கரையில் நிற்கிற பெருமரம்போல் தெரிந்தது, அதன் அடியில் தண்ணீரில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, விரல் உயரத்துக்கு, சிவப்புச் சட்டையில் தன் பிள்ளை. கதவைத் திறந்து கையை விட்டாள். தோள்வரை போயிற்று. கை எதையும் தொடவில்லை, குளிர்ந்து நனைந்து திரும்பியது.

"சஷ்டி, அம்மாட்ட வா."

"இருட்டிட்டும்மா," என்றது பிள்ளையின் குரல், தூரத்திலிருந்து. "தெருவுல நிக்காத."

செம்பகம் போட்ட சத்தத்தில் ஊர் கூடியது. அவள் கூப்பிடக் கூப்பிட உள்ளிருந்து வந்த பதில் மாறிக்கொண்டே போனது, முதலில் அம்மா என்றது, அப்புறம் வெறுமனே "என்ன" என்றது, அப்புறம் வீட்டுக்குள் இருக்கிற பெரிய மனுஷி வழிப்போக்கரைக் கேட்கிற தோரணையில், "யாரது, தெருவுல?" என்றது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அந்தக் கேள்வியும் வராது என்று செம்பகத்துக்குத் தெரிந்தது.

தாவீது அண்ணன் சுத்தியலோடு வந்தார். "தள்ளு தாயி. ஒரே போடு."

"ஒடச்சா வாசல்தான் அண்ணே போகும், வீடு போகாது," என்று குறுக்கே விழுந்தாள் செம்பகம். "வாசல் இல்லாத வீட்டுலருந்து எம் பிள்ள எப்படி வெளிய வரும்?"

"அப்ப கோலத்தச் சொரண்டிருவோம்," என்றார் ஒருத்தர்.

"வாயக் கழுவும்," என்றாள் மாரிக்கனி. "கோலம் அழிச்ச வீடு எழவு வீடுல்லா? உள்ள பச்சப்பிள்ள இருக்கு." சொல்லிவிட்டு அவள் கோலத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏட்டி, இத எந்தப் பக்கம் நின்னு போட்ட?"

"இந்தப் பக்கம்தான் மதினி."

"கோலத்த எங்க நின்னு போடுவோம்?"

"வாசலுக்கு வெளிய."

"அப்ப நாம நிக்கது?"

எல்லோரும் தங்கள் கால்களைப் பார்த்தார்கள், யார் காலிலும் செருப்பு இல்லை, அந்தக் கூட்டமே ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்கிற கூட்டமாக நின்றது.

செம்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழ நேரமில்லை. தெருதான் என்றால் தெருவாகவே இருக்கட்டும் என்று நினைத்தாள், தெருவில் நிற்கிறவள் 'வீட்டுக்கு வா' என்று கூப்பிட்டால் பிள்ளை இன்னும் உள்ளேதான் போகும், கோழி தானியத்துக்கு வந்தது, வீட்டுக்குள் இருக்கிற பொம்பிளையும் பிள்ளையும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவருவது எதற்கு? காலிக் குடம் ஒன்றை எடுத்து, கரண்டியால் டங்டங்கென்று தட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

"தண்ணி வந்துட்டூ...! குழாய்ல தண்ணி வந்துட்டூ...!"

தண்ணீர் வரவில்லை என்று அங்கே நின்ற அத்தனை பெண்களுக்கும் தெரியும். தெரிந்தும் அத்தனை பேரும் குடத்துக்கு ஓடினார்கள். அந்தச் சத்தத்துக்கு யோசிக்கிற வழக்கம் அந்த ஊர் உடம்புக்கு இல்லை. பூத்துக்குள் பனி கலைந்தது. விரல் உயரம் முழ உயரமாகி, முழம் இடுப்பளவாகி, ஈரச் சட்டையோடு சஷ்டி கோலத்தைத் தாண்டிக் குதித்தாள்.

"எங்கம்மா என் சின்னக் கொடம்? வரிசையில எடம் புடிச்சியா?"

செம்பகம் அவளை அள்ளிக்கொண்டு கதவை அறைந்து சாத்தினாள். உள்ளே ஓணான் கிளையில் உட்கார்ந்து கையைத் தூக்கியது.

அதற்கப்புறமாவது கோலத்தை அழித்திருக்கலாமே என்றால், யார் அழிப்பது? இருக்கிற ஒரே வீட்டையும் எழவு வீடாக்கிவிட்டு எங்கே போவது என்று ஊர் கேட்டது. கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பூட்டு திறந்துகொடுத்தது. ஆகவே சொல்லைப் பூட்டினார்கள். வேடங்கரிசலில் 'வீடு' என்ற சொல்லை வாயால் எடுப்பது நின்றது. "சோத்துக்கு வாங்க" என்றார்கள். "தெருவுக்கு வந்து சேருங்க" என்றார்கள். தாய்மார் பிள்ளைகளைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, "தெருவுலயே இருக்கணும், என்ன?" என்று கண்டித்துச் சொன்னார்கள். ஓணானுக்கு வெட்டுக்கிளியும் நறுக்கிய முருங்கைக்கீரையும் போடுவது, காலையும் மாலையும் தண்ணீர் அடிப்பது எதுவும் குறையவில்லை, வீட்டுக்காரரைப் பட்டினி போட முடியுமா?

சனிக்கிழமை வந்தது. கிடங்கில் வேலை நெருக்கடி, கோலம் போட்டதிலிருந்து பொன்னுராசு ஊருக்கு வந்திருக்கவில்லை; அவனிடம் செம்பகம் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். "அந்தச் சொல்ல மட்டும் சொல்லிராதீங்க, உங்க காலப் புடிச்சிக் கேக்கேன்," என்றாள். அவன் கிரேன் சத்தத்துக்கு நடுவில் சிரித்தான். பொழுது சாய அவளே மறுபடி கூப்பிட்டாள். "எங்க இருக்கீங்க?"

"பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன். வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன்," என்றான் அவன், வாரா வாரம் சொல்கிற மாதிரி.

அவள் ஓடுவதற்குள் அவன் முற்றத்துக்கு வந்துவிட்டான். தோளில் சாப்பாட்டுப் பை. அவள் குறுக்கே போய் நின்றாள். வழியில் எதிர்ப்பட்ட அடுத்த ஊர்ப் பெண்ணுக்கு ஒதுங்குவதுபோல், முகத்தைப் பார்க்காமல், மரியாதையாக ஒதுங்கி அவளைக் கடந்து, கோலத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, தலை குனிந்து உள்ளே போய்விட்டான்.

செம்பகம் குடத்தைத் தட்டினாள். "தண்ணி வந்துட்டூ...! தண்ணி வந்துட்டூ...!" பெண்கள் ஓடினார்கள், பிள்ளைகள் ஓடின, சஷ்டி சின்னக்குடத்தோடு ஓடினாள். கண்ணாடிக்குள் விரல் உயரத்தில் உட்கார்ந்திருந்த பொன்னுராசு துண்டை உதறித் தோளில் போட்டான், சத்தம் வந்த பக்கம் காதைக் கொடுத்தான், பிறகு வாழைக்கன்றின் பக்கம் திரும்பி, "தண்ணி வந்துட்டாம். போய்ப் புடி," என்றான்.

கிளையிலிருந்து பச்சையாய் ஒன்று தண்ணீரில் தொப்பென்று விழுந்தது.

செம்பகத்தின் கையிலிருந்து குடம் நழுவியது. ஆம்பிளையை அசைக்காது இந்தச் சத்தம். அவன் பிறந்ததிலிருந்து ஒருதடவைகூடத் தண்ணீருக்குத் தெருவில் இறங்கியவன் இல்லை. ஆம்பிளை எதற்கு வாசலுக்கு வருவான்? ஓட்டுக் கேட்டு வண்டி வந்தால் வருவான், இன்றைக்கு எந்த வண்டி வரும்? அவள் திரும்பிப் பார்த்தாள். மாரிக்கனி குடத்தை இடுப்பில் வைத்தபடி, மஞ்சள் பூசிய மூக்கோடு, கண்ணாடியையே பார்த்து நின்றாள்.

"மதினி, சேலைய இழுத்துச் செருகுங்க," என்றாள் செம்பகம். "சண்ட போடணும்."

மாரிக்கனி ஒரு கணம்தான் விழித்தாள். அடுத்த கணம் குடம் தரையில் உருண்டது. "ஏட்டி, யாரப் பாத்து என்ன சொன்ன? உன் ஆடு எம் முருங்கைய மேஞ்சதுக்கு எவட்டி பதில் சொல்லுவா?"

"ஆடா? எனக்கேது ஆடு? உங்க வாய்தான் தெரு பூரா மேயுது!"

"எங் கொடியில துணி காயப் போடுத கழுத, பேச்சப் பாரு!"

"கொடியாம் கொடி! அந்தக் கயிறு எங்க அப்பன் வாங்கிக் குடுத்தது!"

நல்ல சண்டை. ஊர் வட்டம் கட்டிக்கொண்டது. உள்ளே பொன்னுராசுவின் தலை திரும்பியது. எழுந்தான். முழ உயரமானான், இடுப்பளவானான், கதவுக்கு உள்ளே முழு ஆளாக வந்து நின்று, கால்விரல் வாசலைத் தொட, "தெருவுல என்ன சத்தம்?" என்று கேட்டான். கண்ணில் இன்னும் யாரையும் தெரிந்த அடையாளமில்லை. பின்னால் பனிக்குள் கிளைக்குத் திரும்பி ஏறிய ஓணான் கையை உயர்த்தியது.

முருங்கை முடிந்தது, கொடி முடிந்தது, கோழி கிளறிய மல்லிச்செடியும் முடிந்தது. பொய்ச் சண்டைக்கு எவ்வளவு நேரம்தான் சொல் கிடைக்கும்? இருவரும் மூச்சு வாங்கினார்கள். பொன்னுராசு சலித்துப்போய் உள்ளே திரும்பினான்.

அப்போது மாரிக்கனி பேசினாள். கத்தவில்லை.

"இந்தப் பிள்ளையத் தொட்டில்ல போட்ட அன்னைக்குத் தெருவையே கூப்பிட்ட. கதவுல வந்து நின்ன என்னையப் பாத்து, 'கொஞ்சம் அங்கனயே நில்லுங்க மதினி, பாயாசம் கொண்டாரேன்'னு சொன்ன. பிள்ள பெறாதவ காலு உள்ள பட்டுறக் கூடாதுன்னு. டம்ளர நீட்டுன பாரு, கதவுக்கு மேலேகூடி. அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும், ஒரு நாள், ஒரே ஒரு நாள், வீட்டுக்கு வாங்கன்னு என்னக் கூப்பிட்டிருக்கியாட்டி?"

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது, யாரும் அவளைத் தடுக்கவில்லை.

பொன்னுராசு திரும்பினான். கோலத்தைத் தாண்டிக் காலை வைத்தான், வெறுங்காலில் புழுதி ஒட்டியது. "ஏட்டி செம்பகம், மதினி என்ன சொல்லுதாங்க?" என்றான், தன் பெண்டாட்டியைப் பார்க்கிற கண்ணோடு. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சஷ்டி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

செம்பகம் அவனைப் பார்க்கவில்லை. மாரிக்கனியின் கேள்விக்குப் பதில் இரண்டே சொல், அது தொண்டைக்கு மேலே ஏறி நாக்கு நுனிக்கே வந்துவிட்டது, நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காசு செலவில்லாமல் சொல்லியிருக்கக்கூடிய சொல், இன்றைக்கு அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். மாரிக்கனிக்கும் தெரியும். அவள் செம்பகத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் கதவு திறந்து கிடந்தது, பல்பு எரிந்தது, பச்சைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை மெதுவாக, மிக மெதுவாக, ஒரு வட்டம் போட்டது.

செம்பகம் சொல்லை முழுங்கினாள். இரண்டு எட்டில் போய் மாரிக்கனியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியை அவள் இன்னும் விடவில்லை.